‘சரியாயிரும்’ என்று நான் சொன்ன மூன்று மாதம்

ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் ‘அம்மணி’ என்றே என்னைக் கூப்பிட்ட அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். முதல் தடவை ஃபேனைக் குறைக்க. இரண்டாவது தடவை கூட்ட. மூன்றாவது தடவை ஒரு காரணமும் இல்லை, சன்னலோரம் போய் நின்றுவிட்டு வந்தேன். காந்திபுரத்தில் நான் வேலை பார்க்கும் அதே மாடிதான். காலை பேட்ச் போய்விட்டது, மதிய பேட்ச் வர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். நாளைக் காலையில் ஓர் இடத்துக்குப் போகிறேன், உங்களிடம் சொல்லாமல் கிளம்ப மனசு வரவில்லை.

உங்களுக்கு மட்டும் என்றால் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருப்பேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். நம் பக்கத்தில் எந்த வீட்டை எடுத்தாலும் இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கும். வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் அதைத்தான் டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். டாக்டர் சொல்வதை அது தமிழில் சொல்லும், வீடு அதை நம்பும். நம் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

நான் என்ன பாடம் எடுக்கிறேன் என்று ஒருமுறை கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை இருக்கிறது, அதற்குத் தயார் செய்கிறேன் என்றேன். அன்றைக்கு நடத்தியது மோடல் வெர்ப். கேன், குட், மே, மைட், வில், வுட், ஷுட், மஸ்ட் என்று நான் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். “செய்வேன், செய்யலாம், செஞ்சாலும் செய்யலாம், செய்யோணும், இதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னுங்க அப்பா” என்று விளக்கினேன். “இதுக்குமா அம்மணி ஒரு கிளாஸு?” என்று கேட்டுவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆனால் உங்களுக்கு அந்தப் பாடம் தேவையே இல்லை அப்பா. பல்லடத்துக் கோழிப்பண்ணையில் அத்தனை வருசம் ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். கம்பெனிக்காரர் போன் செய்து இந்த பேட்ச் தேறுமா என்று கேட்டால், “தேறலாமுங்க. தீவனம் எடுக்கறதப் பாத்துத்தான் சொல்லோணும்” என்பீர்கள். குஞ்சு இறங்கின அன்றைக்கும் அதே பதில், லாரியில் ஏற்றுகிற அன்றைக்கும் ஏறக்குறைய அதே பதில். ஒருநாள்கூட ‘தேறிரும்’ என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. இப்படிப்பட்டவரிடம் போய் நான் என்ன சொன்னேன்?

எழுந்து போர்டை அழித்துவிட்டு வந்தேன். காலையில் எழுதிப்போட்ட மோடல் வெர்ப் பட்டியல் அப்படியே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு எழுத முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரி அறையைச் சொல்கிறேன். நுரையீரல் டாக்டர் வடக்கிலிருந்து வந்தவர், அவருக்குத் தமிழ் வராது. நீங்கள் வெள்ளைச் சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம், கேட்கலாம், கேட்காமலும் போகலாம், ஒரு வருசம் இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். மே, மைட், குட். அவர் வாயிலிருந்து ஒரு ‘வில்’ வரவில்லை. பரீட்சையில் இப்படிப் பேசியிருந்தால் நானே முழு மார்க் போட்டிருப்பேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பி, “என்ன அம்மணி சொல்றாரு?” என்றீர்கள்.

“மருந்து கேக்குமாமுங்க அப்பா. மூணு மாசத்துல சரியாயிரும்னு சொல்றாருங்க” என்றேன்.

மூன்று மாதம் என்பதை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. டாக்டர் அந்த எண்ணையே சொல்லவில்லை. சீக்காளி முன்னால் நல்ல வார்த்தைதான் பேச வேண்டும் என்று நம் வீட்டில் வளர்த்தார்கள். சாத்துக்குடிப் பையோடு பார்க்க வருகிற ஒவ்வொருவரும் “ஒண்ணுமில்லீங்க, எந்திரிச்சு நடந்துருவீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். சந்தேகமாக ஒரு சொல் விழுந்துவிட்டால் அது பலித்துவிடும் என்று பயம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. படித்தவள் என்பதால் கூடுதலாக ஒரு கெடுவும் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கெடுவை நீங்கள் அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து வைத்து எண்ணினீர்கள். அப்போது ஆடி மாதம். “ஐப்பசியில மித்ராவுக்கு மூணு வயசாகுது. அன்னைக்குக் காது குத்திரலாம். அதுக்குள்ள நான் நடந்துருவேன். நானே அவிநாசிக்குப் போயி, தம்பிய நேர்ல கூப்பிடறேன்” என்றீர்கள்.

படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி அவிநாசிப் பக்கம் இருக்கிறார், தறி ஓட்டியவர். என் கல்யாணத்துக்குச் சித்தப்பா வீட்டுக்கு அப்பா நேரில் போய் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் பண்ணையில் குஞ்சு இறங்கியது. உறவுக்காரர் ஒருவரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். “என்ற அண்ணன் கையால வராத பத்திரிக்கை எனக்கெதுக்கு” என்று சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அதோடு பேச்சு நின்றது. கூடப் பிறந்த பையன் எனக்கு இல்லை, சித்தப்பா மகன் சதீஷ்தான் தம்பி. என் மகள் மித்ராவை மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் அவன்தான்.

ஆகவே அந்தக் காது குத்து உங்களுக்கு வெறும் காது குத்து இல்லை அப்பா, எனக்குத் தெரியும். அதைச் சாக்காக வைத்துத் தம்பி வீட்டுப் படி ஏறப் பார்த்தீர்கள். “இப்பவே போலாமுங்க, கார்ல கூட்டிட்டுப் போறேன்” என்று நான் ஒரு தடவை சொன்னேன். “மூக்குல ஆக்சிஜன் கொழாயோட போயி நின்னா பாவம் பாத்துத்தான் பேசுவான். நல்லா ஆயிட்டுப் போறேன். மூணு மாசந்தான” என்றீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லவே இல்லை. அந்த ஆவணியில் சித்தப்பா எனக்குப் போன் செய்தார். “அண்ணனுக்கு மூச்சு முடியலயாமா? நான் வரட்டுமா அம்மணி?” என்று கேட்டார். “நல்லாயிருவாருங்க சித்தப்பா. அப்பாவே நேர்ல வந்து உங்களக் கூப்பிடறேன்னு இருக்காருங்க” என்றேன். உங்கள் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். “அப்படீன்னா சரி, வரட்டும்” என்றார். இந்தப் பக்கம் உங்களைக் காத்திருக்க வைத்தேன், அந்தப் பக்கம் அவரையும் காத்திருக்க வைத்தேன்.

கடைசி வாரம் மூச்சு வாங்கிக்கொண்டே, “மூணு மாசம் ஆயிருச்சா கண்ணு?” என்று கேட்டீர்கள். இன்னும் கொஞ்ச நாள் இருக்குதுங்க என்றேன். ஐப்பசி பிறந்து நான்காம் நாள் போய்விட்டீர்கள். சித்தப்பா வந்தார், உங்கள் கால்மாட்டில் நின்றார், அழுதார், காரியம் முடிந்ததும் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்கள் என்னை நம்பினீர்களா, அல்லது எனக்காக நம்பின மாதிரி இருந்தீர்களா? அந்தக் கேள்வி இரண்டு வருசமாக என்னோடு பஸ்ஸில் வருகிறது, கிளாசுக்கு வருகிறது, சாப்பிட உட்கார்ந்தால் கூடவே உட்காருகிறது.

சரி, இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். போன வாரம் கிளாசில் பேச்சுப் பயிற்சி வைத்தேன். நான் நோயாளி, அவர்கள் நர்ஸ். அந்தியூர்ப் பெண் ஸ்டெல்லா என்று ஒருத்தி, ஊர்த் திருவிழாச் சந்தைக் கூட்டத்தில் பஸ் கிடைக்கவில்லை என்று இந்த ஆடியில் இரண்டு நாள் லீவு போட்டவள், அவள் முறை வந்தது. முதலில் “யூ மஸ்ட் ஸ்லீப்” என்று என்னை அதட்டினாள். மஸ்ட் வேண்டாம், நோயாளிக்கு ஷுட் போதும் என்றேன். “மஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு ‘ங்க’ போட்டுக்கிட்டா ஆகாதுங்களா மேடம்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

அப்புறம் நோயாளியாக நான் கேட்டேன், நான் குணமாகிவிடுவேனா என்று. “யூ வில் பி ஆல்ரைட்” என்றாள் ஒரு யோசனையும் இல்லாமல். இதற்கு மார்க் கிடையாது, உனக்குத் தெரியாததை உறுதியாகச் சொல்லக் கூடாது, ‘மே’ போட்டுச் சொல் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

“ஏனுங்க மேடம், சீக்காளி மூஞ்சியப் பாத்து ‘ஆகலாம், ஆகாமயும் போலாம்’னு எப்படீங்க சொல்றது? நீங்களா இருந்தா சொல்லிருவீங்களா?”

அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அன்று சாயங்காலம்தான் சதீஷ் போன் வந்தது.

“அக்கா, அப்பாவுக்கு ஆறு மாசமா இருமலுங்க. ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பிச்சிருக்கறேன், பாருங்க. பெரியப்பாவப் பாத்த டாக்டர்கிட்டயே போலாம்னு அப்பா ஒரே புடியா நிக்கறாரு. நீங்க வந்தாத் தேவலை.”

ரிப்போர்ட்டைப் படித்தேன். பஞ்சுத் தூசியில் நாற்பது வருசம் நின்ற நுரையீரல். உங்கள் ரிப்போர்ட்டில் இருந்த அதே சொற்கள் இருந்தன. போனைக் குப்புற வைத்துவிட்டு, துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரி. வராந்தாவில் சதீஷ் என்னைத் தனியாக இழுத்து, “டாக்டர் என்ன சொன்னாலும் நல்லபடியா சொல்லுங்கக்கா. உங்களுக்குச் சொல்லோணுமா” என்றான். எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான், நான்தான் அதில் தேர்ந்தவள் ஆயிற்றே.

சித்தப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். உங்களை மாதிரியே மேல் பட்டனைப் போட்டிருந்தார். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதே நிதானத்தில் சொன்னார், அதே மே, அதே மைட், அதே குட். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சதீஷ் என்னைப் பார்த்தான். சித்தப்பா மட்டும் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டு, “சொல்லு அம்மணி” என்றார்.

‘சரியாயிரும்’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது அப்பா. பொய் சொல்லவில்லை, வந்தேவிட்டது. உங்களுடைய அந்தக் காலண்டர் ஞாபகம் வந்திராவிட்டால் சொல்லித்தான் இருப்பேன்.

“சித்தப்பா, டாக்டர் சொல்றத அப்படியே சொல்றனுங்க. மருந்து கேக்கலாமாமுங்க, கேக்காமயும் போலாமாமுங்க. ஒரு வருசம் நல்லா நடமாடலாம். அதுக்கு முன்னாடியே மூச்சு ரொம்பச் சிரமமாகவும் ஆகலாம். எதுன்னு இப்ப அவராலயே உறுதியா சொல்ல முடியலீங்க.”

“அக்கா” என்றான் சதீஷ். அவன் குரலே மாறிவிட்டது.

சித்தப்பா அவனைக் கையமர்த்தினார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னாங்களா?”

“ஆமாங்க.”

“அவருகிட்டச் சொன்னயா?”

“இல்லீங்க. மூணு மாசத்துல சரியாயிரும்னு சொல்லிப்போட்டனுங்க.”

“என்கிட்டயும் போன்ல அதத்தான சொன்ன?”

“ஆமாங்க.”

டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிதானே என்று இங்கிலீஷில் கேட்டார்.

“தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கே வந்திருப்பனே அம்மணி” என்றார் சித்தப்பா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “கூப்பிட வாராருன்னு நான் வாசலையே பாத்துட்டு இருந்தேன்.”

அப்பா, இந்த ஒரு வாக்கியத்தை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் தம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். நீங்கள் ஆக்சிஜன் குழாயோடு போயிருந்தாலும் பாவம் பார்த்துப் பேசியிருக்க மாட்டார். நீங்கள் போவதற்கு முன்பே அவர் வந்திருப்பார். குறுக்கே நின்றது நான். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று இனிமேல் என்னையே நான் ஏமாற்றிக்கொள்ள முடியாது.

சதீஷ் கார் ஓட்டினான். அவனுக்கு என் மேல் கோபம், கியரைப் போடுகிற வேகத்திலேயே தெரிந்தது. அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு பாலமாகக் கடந்தோம். கருமத்தம்பட்டி தாண்டினதும் சித்தப்பா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

“உன்ற பிள்ளைக்குக் காது குத்தியாச்சா?”

“இல்லீங்க சித்தப்பா. இந்த ஐப்பசி வந்தா அஞ்சு வயசுங்க. அப்ப வெக்கலாம்னு.”

“ஐப்பசி வரைக்கும் போவாண்டாம். ஆவணியில மொத முகூர்த்தம் எதுன்னு பாரு. அதுல வெச்சுக்கலாம். இவன் மடியில உக்கார வெக்கட்டும், நானும் நடந்தே வந்துர்றேன்.”

சதீஷ் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். சித்தப்பா அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு, “சொன்னதுனால தான சாமி தேதி பாக்கறோம்” என்றார். நான் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சித்தப்பா கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு சீரான பிறகு சொன்னார்.

“பத்திரிக்கைய யாருகிட்டயாவது குடுத்தனுப்பிப்போடாத. நேர்ல வா.”

சிரித்தாரா என்று தெரியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னை மன்னித்துவிட்டார் என்று நான் எண்ணிக்கொள்ளவும் இல்லை. மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம், அவர் பாடு.

நாளைக்குப் போகிறேன் அப்பா. பத்திரிகை அடிக்க நேரமில்லை, வெள்ளைத்தாளில் மஞ்சள் தடவி நானே எழுதிவிட்டேன். வெற்றிலை பாக்கு காலையில் மார்க்கெட்டில் வாங்கினது, தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி இதோ மேசை மேல் இருக்கிறது. எழுதுகிற நேரமெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நீங்கள் ஏற வேண்டிய படியில் நான் ஏறப் போகிறேன், கால் கூசுகிறது. பத்திரிகையில் அழைப்பவர் என்று உங்கள் பேரைத்தான் போட்டிருக்கிறேன். தப்பென்றால் சித்தப்பா சொல்லட்டும்.

மாடிப்படியில் சத்தம் கேட்கிறது, மதிய பேட்ச் வருகிறார்கள். ஸ்டெல்லா குரலும் இருக்கிறது. அவள் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘சொல்லிவிடுவேன்’ என்று பெருமையாகச் சொல்ல வாய் வராது. ஒரு தடவை சொல்லவில்லை, ஒரு தடவை சொன்னேன், இரண்டும் இப்படி ஆயிற்று என்று சொல்வேன். மார்க் அவள் போடட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறேன். ஆவணியில் மித்ரா மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். வலிக்குமா அம்மா என்று கேட்பாள். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வலிக்காது, வலிக்காது என்பார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் வலிக்கலாம் கண்ணு, நான் இங்கயேதான் இருப்பேன்” என்று சொல்வேன். உங்களிடமும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டின் ஒரே இங்கிலீஷ் பிள்ளை,
உங்கள் அம்மணி
சுகந்தி